கட்டாரில் இருந்து வந்த எஸ்எஸ்டியும் நபீஸாவின் பழைய டிஸ்க்கும்

வாங்கி முடித்த பிறகு ஒருவரும் என்னிடம் வரவேண்டாம். இதை நிந்தவூரில் என் வீட்டுக் கேற்றில் எழுதித் தொங்கவிடாத குறைதான். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சோற்றுக்கு உட்காரும் நேரம் ஒரு மனிதர் வந்தார். சட்டைப் பையில் இருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து நீட்டி, இதை வீட்டுக் கணினிக்குப் போடலாமா என்று கேட்டார். கணினி எங்கே என்றேன். வீட்டில் என்றார். எந்த வருடம் வாங்கியது என்றேன். மூத்த மகள் ஓ.எல். பரீட்சை எடுத்த வருடம் என்றார். மகள் இப்போது என்ன செய்கிறாள் என்றேன். அவளுக்கு இரண்டு பிள்ளைகள் என்றார். பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். சூயிங்கம் அளவில் மெல்லிய பலகை மாதிரி ஒன்று. அந்தக் கணினியில் அதைச் செருக ஒரு துவாரம்கூட இருக்காது. கடையில் திருப்பிக் கொடுங்கள் என்றேன். சீல் உடைந்தால் எடுக்க மாட்டார்களாம். சீலை உடைத்தது யார் என்று பார்த்தால், இப்போது நான்!

மாதத்துக்கு நாலைந்து பேர் இப்படி வருகிறார்கள். புதுக் கணினி கைக்கெட்டாத விலை என்பது எனக்கும் தெரியும். பழைய கணினியில் எஸ்எஸ்டி போட்டால், அதாவது உள்ளே தட்டுச் சுழலாத புதுவகை டிஸ்க்கைப் போட்டால், அது இன்னும் நாலைந்து வருடம் நன்றாக ஓடும் என்பதும் உண்மை. ஆனால் எந்த எஸ்எஸ்டி என்று வாங்குவதற்கு முன் கேட்க என்ன கேடு? மீன் வாங்கும்போது செவிளைத் தூக்கிப் பார்க்கிற சனம், உடுக்கிற சாரம் வாங்கும்போது வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கிற சனம், இதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவந்து என் தலையில் கட்டுகிறது.

நான் கல்முனையில் ஒரு அரச அலுவலகத்தின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். அங்கே இப்போது இருக்கிற பிள்ளைகளுக்கும் இதே தலையிடிதான். பழைய கணினிகளுக்கு எஸ்எஸ்டி தெரிவு செய்வது எப்படி என்று ஒரு பக்கத்தில் எழுதித் தரச்சொல்லிக் கேட்டார்கள். ஒரு பக்கம் எதற்கு, மூன்று வரி போதும். மூடியைத் திற. உள்ளே இருப்பதைப் பார்த்து எழுது. அதற்குப் பிறகு வாங்கு. ஆனால் இந்த மூன்று வரியையும் வருடக்கணக்கில் மற்றவர்களுக்குச் சொன்ன நான், ஒரு நாள் என் கோபத்தால் ஒரு பெண்ணின் பிழைப்பில் கைவைத்தேன். அதை விட்டுவிட்டு மூன்று வரியை மட்டும் எழுதிக் கொடுக்க மனம் வரவில்லை.

என்னை வேலைக்கு எடுத்தது தட்டச்சு இயந்திரம் திருத்த. இரண்டு வருடம் ரிப்பனும் மண்ணெண்ணெயும் கையில் நாற, எழுத்துக் கம்பிகளை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். கணினிகள் வந்ததும் கொழும்பில் மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மூன்று மாதமும் பாதி விளங்கியது, பாதி விளங்கவில்லை. திரும்பி வந்தபோது என் மேசையில் பதினாறு பழுதான கணினிகள் இருந்தன. மிச்சத்தை அவைதான் படிப்பித்தன.

எனக்கு மேலே இருந்தவர் பேரின்பநாயகம் சேர். கல்லாற்றுக்காரர், ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. சத்தம் போட்டுக் கதைத்து நான் கேட்டதில்லை. அவருக்குக் கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைக்கிற நேரம் கூடினால் பிழை பெரிது என்று அர்த்தம். ஒரு கணினி பிரிவுக்குள் வந்தால் முதலில் அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைப்பார். அந்தத் தாளில் நாலு விஷயம் எழுதாமல் ஸ்குரூ டிரைவரைத் தவிர வேறு எந்தச் சாமானையும் தொட விடமாட்டார்.

முதலாவது, டிஸ்க் செருகும் வாயின் வடிவம். பழங்கால மதர்போட்டில் அகலமான நாடா வயர் போகும். அதற்குப் பிந்தியதில் விரல் அகலத்துக்கு ஒரு சின்ன வயர், அதைச் சாட்டா என்பார்கள். நாடா வயர் மட்டும் உள்ள கணினிக்கு எஸ்எஸ்டியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்பது அவருடைய கணக்கு. இரண்டாவது, டிஸ்க்குக்கு மின்சாரம் போகிற வயரில் மிச்சம் ஒரு முனை இருக்கிறதா என்பது. மூன்றாவது, பழைய டிஸ்க்கின் அளவு. உள்ளதை அப்படியே கொப்பி எடுக்கப் போகிறோம் என்றால் புதியது பழையதை விடச் சின்னதாக இருக்கக்கூடாது. நூற்றறுபது ஜீபியில் இருப்பதை நூற்றிருபதில் கொட்ட முடியாது. நாலாவது, அந்தக் கணினி டிஸ்க்கோடு எந்த முறையில் கதைக்கிறது என்று செற்றிங்ஸில் பார்த்து எழுதுவது. பழைய விண்டோஸ் ஏற்றியிருக்கும்போது அந்த முறையை மாற்றினால் நீலத் திரையில் நிற்கும். பிறகு அழுது வேலையில்லை.

இந்தத் தாள் எனக்கு ஒரு சடங்காகத்தான் தெரிந்தது. எஸ்எஸ்டி எங்கள் பக்கத்துக்கு வந்த புதிதில், ஓய்வூதியப் பகுதியில் இரண்டு கணினிகள் மாட்டு வண்டி மாதிரி இழுத்துக்கொண்டிருந்தன. இரண்டும் ஒரே நாளில் வந்தவை, ஒரே கம்பனி, ஒரே பெயர், ஒரே கறுப்புப் பெட்டி. ஒன்றைத் திறந்து பார்த்தேன், சாட்டா வாய் இருந்தது. இரண்டுக்கும் சேர்த்து எழுதி அனுப்பினேன். சாமான் வந்தது. முதலாவது அருமையாக ஓடியது. இரண்டாவதைத் திறந்தால் உள்ளே நாடா வயர். எப்போதோ இடியில் மதர்போட் எரிந்து, யாரோ பழைய ஒன்றை உள்ளே வைத்து மூடியிருக்கிறார்கள்.

சேர் வந்து எட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"லெவ்வை, ரெண்டையும் திறந்து பார்த்தீங்களா?"

"ஒண்டத்தான் சேர் பார்த்தன். ரெண்டும் ஒண்டுதானே எண்டு."

"அப்ப ரெண்டாவதுக்கு எதைப் பார்த்து எழுதினீங்க?"

அவர் அந்த எஸ்எஸ்டியை எடுத்து என் மேசையில், கடிதங்களுக்கு மேலே வைத்தார். பொருத்தமான வேறொரு கணினி கிடைக்கும் வரைக்கும் மூன்று மாதம் அது அங்கேதான் இருந்தது. மின்விசிறிக் காற்றுக்குக் கடிதம் பறக்காமல் இருந்ததுதான் மிச்சம். ஒரு ஏச்சுப் பேசியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். அந்த மனிதர் ஏசவே இல்லை, நான்தான் மூன்று மாதம் அதைப் பார்த்துப் பார்த்து வெந்தேன்.

அவரிடம் இன்னொரு கட்டளையும் இருந்தது. டிஸ்க் உள்ளே டிக் டிக் என்று தட்டத் தொடங்கினால் அது சாகப்போகிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட டிஸ்க்கைக் கழற்றி, சுற்றிக் கட்டி, அலுமாரியில் வைக்க வேண்டும். கொப்பி எடுக்கப் புது டிஸ்க் கையில் வந்த பிறகு ஒரே ஒரு தடவைதான் அதற்கு மின்சாரம் கொடுக்கலாம். அந்த ஒரு தடவையும் கொப்பி எடுக்க மட்டும். பார்ப்போமே, ஓடுகிறதா என்று சும்மா போட்டுப் பார்க்கிறவனை அவர் பிரிவுக்குள் வைத்திருக்க மாட்டார். ஒருவரை உண்மையிலேயே இடம் மாற்றியும் விட்டார்.

அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு பிரிவு என் பொறுப்பில் வந்தது. நான் ஓய்வு பெற ஏழெட்டு மாதம் இருக்கும்போதுதான் நபீஸா வந்தார்.

நபீஸா மருதமுனைக்காரி. கணவர் மவுத்தாகி, இரண்டு பெண் பிள்ளைகளோடு இருந்தவர். பெண்களுக்கான சுயதொழில் திட்டத்தில் எங்கள் அலுவலகம் ஒரு எம்பிரொய்டரி மிஷினும் அதை ஓட்ட ஒரு கணினியும் கொடுத்திருந்தது. கணினியில் படத்தை வரைந்து அனுப்பினால் மிஷின் அதைத் துணியில் தைக்கும். அபாயாவின் கைக்கும் நெஞ்சுக்கும் பூவும் கொடியும் போடுவது அவருடைய தொழில். படம் என்றால் கடையில் வாங்கிய படம் இல்லை. ஒவ்வொரு கொடியையும் அவரே தையல் தையலாக வரைந்தார். ஒன்றுக்கு மூன்று நாள், நாலு நாள் ஆகும். பதினொரு வருடத்தில் முந்நூறுக்கு மேல் வரைந்து வைத்திருந்தார். காத்தான்குடியில் இருந்தும் பொத்துவிலில் இருந்தும் ஆட்கள் வந்து, அவருடைய அல்பத்தைப் புரட்டி, இந்த இலக்கம் வேண்டும் என்று துணியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

முந்நூறும் அந்த ஒரு டிஸ்க்கில்தான் இருந்தது. வேறு கொப்பி கிடையாது. கணினியைக் கொடுத்த நாங்கள், கொப்பி எடுத்து வையுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை. பொன்னாடை போர்த்திப் படம் எடுக்க மட்டும் போயிருந்தோம்.

நோன்பு தொடங்க மூன்று கிழமை இருந்தது. பெருநாளுக்கு நாற்பது அபாயாத் துணி அவர் வீட்டில் வெட்டி அடுக்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து டிஸ்க் தட்டத் தொடங்கியது. கட்டாரில் சாரதியாக இருக்கிற தம்பி றிஸ்வானிடம் சொல்லியிருக்கிறார், டிஸ்க் பழுதாகிறது என்று. அவ்வளவுதான். எந்தக் கணினி, எந்த வாய், என்ன அளவு, ஒரு கேள்வி கிடையாது. அவன் வேலைக்கு லீவு போட்டு, கடைகடையாக ஏறி, அங்கே இருந்ததில் ஒசத்தியான எம் டூ எஸ்எஸ்டியை வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரின் கையில் கொடுத்து அனுப்பிவிட்டான். நான் சொன்னேனே, சூயிங்கம் அளவில் ஒரு பலகை என்று, அதேதான்.

எங்கள் ஊர்களில் வெளிநாட்டில் இருந்து வருகிற சாமானுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. பெட்டியைச் சொந்தக்காரர்கள் சுற்றி இருக்கத்தான் பிரிப்பார்கள். யாருக்கு என்ன வந்தது என்று அடுத்த நாள் ஒழுங்கை முழுக்கத் தெரியும். அனுப்பியதைப் பாவிக்காமல் வைத்தால் அது அனுப்பியவனின் முகத்தில் அடித்த மாதிரி. வந்தது பொருந்துகிறதா என்று யாரும் கேட்பதில்லை, போட்டாயிற்றா என்றுதான் கேட்பார்கள். காலுக்கு அளவு பொருந்தாத சப்பாத்தைப் பஞ்சு அடைத்துப் போட்டுக்கொண்டு கலியாணத்துக்குப் போன ஆட்களை எனக்குத் தெரியும்.

நபீஸா முதலில் டவுனில் ஒரு கடைக்குப் போயிருக்கிறார். அந்தக் கடைக்காரர், முடியாது என்று சொல்லத் தெரியாத புண்ணியவான். ஒரு அடப்டரை வாங்க வைத்து, தன் கணினியில் விண்டோஸ் ஏற்றிய அந்தப் பலகையை அதில் செருகி, பழைய டிஸ்க்கின் வயரைக் கழற்றி, அதற்கு இடம் விட எம்பிரொய்டரி மிஷினின் வயர் பொருந்துகிற கார்ட்டைக் கழற்றி, சொப்பிங் பை ஒன்றில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார். கணினி எழும்பவில்லை. எழும்பாது. அந்த வயதுக் கணினிக்கு அப்படி ஒரு சாமான் உலகத்தில் இருப்பதே தெரியாது. அதில் இருந்து விண்டோஸைத் தொடக்க அது எங்கே போகும்?

பிறகுதான் சிபியுவை ஓட்டோவில் வைத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். நான் வெள்ளைத் தாளை வைத்தேன், எழுதினேன். சாட்டா வாய் இரண்டு இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். மின்சார முனை ஒன்று மிச்சம். பழைய டிஸ்க் நூற்றறுபது. விண்டோஸ் பழையது, எம்பிரொய்டரிக்கான மென்பொருளின் சீடீ எப்போதோ தொலைந்துபோனது. ஆகவே புதிதாக ஏற்ற வழியில்லை, உள்ளதை அப்படியே கொப்பி எடுக்கத்தான் வேண்டும். தேவை ஒரு சாதாரண இரண்டரை அங்குலச் சாட்டா எஸ்எஸ்டி, இருநூற்று நாற்பது. அந்த மதர்போட்டுக்கு அதைவிட வேகமானது வீண். கல்முனைக் கடைகளில் அன்றைக்கு நூற்றிருபதுதான் இருந்தது. இருநூற்று நாற்பது கொழும்பு பஸ்ஸில் அடுத்த நாள் காலை வரும் என்றார்கள். கொப்பி எடுத்து வைக்க அலுவலகத்தில் இருந்த வெளி டிஸ்க்கும் பொத்துவிலில் ஒரு வேலைக்குப் போயிருந்தது. பழைய டிஸ்க்கைக் கழற்றி, துணியில் சுற்றி, தொடாதே என்று என் கையாலேயே எழுதி ஒட்டி அலுமாரியில் வைத்தேன். நாளைக்கு வாங்க, இன்ஷா அல்லாஹ் எல்லாம் சரிவரும் என்றேன்.

அடுத்த நாள் நபீஸா எட்டரை மணிக்கே வந்துவிட்டார். பஸ் வரவில்லை. வழியில் டயர் வெடித்து, வந்து சேரப் பகலாகும் என்று செய்தி வந்தது. அவர் வாங்குப் பலகையில் உட்கார்ந்து அந்த எம் டூ பெட்டியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"தம்பி அனுப்பினதையே போட ஏலாதா சேர்? அவன் கடைகடையா ஏறி வாங்கினவன். போடல்ல எண்டு நான் எப்பிடிச் சொல்ற? நீங்க ஒருக்காச் சொல்லுங்களன், உங்கட வாயால கேட்டா நம்புவான்."

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சரி, கோல் எடுங்கள் என்றேன்.

வீடியோவில் றிஸ்வான் வந்தான். ஏதோ லொறியின் ஆசனத்தில் இருந்தபடி, தலையில் தொப்பி, முகம் முழுக்க வெயில். சலாம் சொன்னான், நானும் சொன்னேன். பொறுமையாகத்தான் தொடங்கினேன். இது புதுக் கணினிகளுக்கான சாமான், உங்கட ராத்தாவின் கணினி பழையது, இரண்டுக்கும் ஒத்துவராது என்றேன். அடப்டர் போட்டால் வேலை செய்யும் என்று வீடியோவில் பார்த்தானாம். அது வேறு கணினி தம்பி என்றேன். கேம்பில் கூட இருக்கிற ஒரு நேபாளியும் அப்படித்தான் சொன்னானாம். அந்த நேபாளி இந்தக் கணினியைத் திறந்து பார்த்தாரா என்று கேட்டேன். அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னான்.

"கோவிக்காதீங்க சேர். நீங்க பழைய ஆள்தானே. புதுச் சாமான் பிடிபடாம இரிக்கும்."

முப்பத்திரண்டு வருடம். தட்டச்சு இயந்திரத்தில் இருந்து இது வரைக்கும் கையில் பிடித்துப் பார்த்துப் படித்தவனைப் பார்த்து, லொறிக்குள் இருந்து ஒருவன் சொல்கிறான், பிடிபடாதாம். எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. அங்கேயே அவனோடு கோலை வெட்டியிருக்கலாம். பஸ் வரும் வரைக்கும் வெளியே போய் ஒரு தேத்தண்ணி குடித்திருக்கலாம். நான் செய்தது என்ன? அடப்டரையும் அவனுடைய எஸ்எஸ்டியையும் கணினியில் செருகினேன், போனைத் திரைக்கு நேரே பிடிக்கும்படி நபீஸாவிடம் கொடுத்தேன், பவரை அழுத்தினேன். தொடக்க டிஸ்க் இல்லை என்று திரையில் வெள்ளை எழுத்து வந்தது.

"கண்டியா?" என்றேன்.

அப்படியென்றால் கணினியே பழுதாக இருக்கலாம் என்றான். பவர் சப்ளையைப் பாருங்கள் என்று எனக்குப் புத்தி சொன்னான்.

நான் அலுமாரியைத் திறந்தேன். துணியைப் பிரித்தேன். என் கையால் ஒட்டியிருந்த தாளை என் கையாலேயே கிழித்தேன். கணினி பழுதில்லை, நீ அனுப்பியதுதான் பொருந்தவில்லை என்று அவனுக்குக் காட்ட வேண்டும். அந்த நேரம் எனக்கு வேறு ஒன்றும் கண்ணில் தெரியவில்லை. பழைய டிஸ்க்கின் வயரைச் செருகிப் பவரை அழுத்தினேன். டிக் டிக் என்று தட்டியது, ஆனால் எழும்பியது. திரையில் விண்டோஸ் வந்தது, நபீஸாவின் படங்கள் இருக்கிற கோப்புறை வந்தது. இப்போது பார் என்றேன். வீடியோ உறைந்துபோய்விட்டது, ஒன்றும் தெரியவில்லை என்றான். நிறுத்திவிட்டுத் திரும்பவும் போட்டேன். இரண்டாந்தரமும் எழும்பியது, கொஞ்சம் சுணங்கி. அவனுக்கு எழும்பிய பிறகுதான் தெரிந்ததாம், தொடக்கத்தில் இருந்து காட்டட்டுமாம். காட்டுகிறேன், நல்லாப் பார் என்று மூன்றாந்தரம் பவரை அழுத்தினேன்.

தட்டுகிற சத்தம் நின்று, தகரத்தில் ஆணி இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. வயரைப் பிடுங்கினேன். போனுக்குள் இருந்து அவன், என்ன சேர், என்ன நடந்த என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

பகல் ஒரு மணிக்கு இருநூற்று நாற்பது எஸ்எஸ்டி வந்தது. சும்மா சொல்லக்கூடாது, மிகப் பொருத்தமான சாமான். பழைய டிஸ்க்கை ஆறவைத்து, செத்த இடங்களைத் தாண்டித் தாண்டி வாசிக்கிற முறையில் இரண்டு நாள் கொப்பி எடுத்தேன். விண்டோஸும் எம்பிரொய்டரி மென்பொருளும் இருந்த முதல் பகுதி முழுதாக வந்தது. படங்கள் இருந்த இரண்டாவது பகுதிதான் கிழிந்திருந்தது. முந்நூறுக்கு மேற்பட்டதில் இருபத்தொன்பது திறந்தது. மற்றவற்றின் பெயர் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை.

நபீஸாவுக்குப் போனில் சொன்னேன். பழைய டிஸ்க், எப்படியும் போகத்தான் இருந்தது, இவ்வளவாவது வந்ததே என்றேன். முழுப் பொய். அன்றைக்கு அது இரண்டு தரம் எழும்பியதை நானே பார்த்தவன். அந்த ஒரு தடவையைக் கொப்பி எடுக்கக் கொடுத்திருந்தால் முந்நூறும் வந்திருக்கும். ஓம் சேர் என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பெருநாளுக்கு என்ன நடந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். தைத்து முடித்த ஒவ்வொரு அபாயாவையும் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்புவது நபீஸாவின் பழக்கம். றிஸ்வான் அதில் ஒன்றையும் அழிக்கவில்லை. செய்தி தெரிந்ததும் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினான். அந்தப் படங்களைப் பார்த்து நபீஸா திரும்பவும் தையல் தையலாக வரையத் தொடங்கினார். நோன்போடு இருந்து வரைந்தும் எல்லாம் முடியவில்லை. பதினொரு பேரின் துணி வெட்டியபடியே திரும்பிப் போனது. அதில் சிலர் பிறகு வரவேயில்லை.

கணினியைக் கொண்டுபோய்ப் பொருத்திக் கொடுக்க நான்தான் மருதமுனைக்குப் போனேன். வேறு ஆளை அனுப்பியிருக்கலாம், மனம் கேட்கவில்லை. வீட்டின் முன்னறையில் எம்பிரொய்டரி மிஷின், பக்கத்தில் மேசை, சுவரோடு வெட்டிய துணிகள் பெயர் எழுதிய துண்டுகளோடு அடுக்கியிருந்தன. கழற்றியிருந்த கார்ட்டைப் போட்டேன், வயர்களைச் செருகினேன், பவரை அழுத்தினேன். முன்பு அந்தக் கணினி எழும்புவதற்குள் நபீஸா அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு வருவாராம். இப்போது அவர் கதிரையில் உட்காருவதற்குள் திரை திறந்துவிட்டது. நான் கோப்புறையைத் திறந்து காட்டினேன். இருபத்தொன்பது படமும் மூன்று வரிசைக்குள் முடிந்துவிட்டன. மிச்சத் திரை வெள்ளையாக இருந்தது.

"இவ்வளவு கெதியாத் தொறந்து என்னத்த சேர் காட்டுது?" என்றார்.

அவர் குத்திக் கதைக்கவில்லை. உண்மையாகவே கேட்டார். எனக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"நபீஸா, டிஸ்க் எப்பிடியும் போகத்தான் இருந்த எண்டு நான் சொன்னது பொய். அண்டைக்கு உங்கட தம்பிக்குக் காட்டப் போய் நான்தான் அதச் சாகடிச்சிட்டன். போடாம வெச்சிருந்தா எல்லாம் வந்திருக்கும். என்ட கோவம்தான் காரணம்."

அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"தெரியும் சேர். ரெண்டாந்தரம் நீங்க போடக்குள்ளயே சத்தம் மாறிட்டு. பதினொரு வருஷம் பக்கத்துல இருந்து கேட்ட சத்தம், எனக்குத் தெரியாதா? நிப்பாட்டுங்க எண்டு சொல்ல வாயெடுத்தன். நீங்களும் தம்பியும் கதைச்சுக்கிட்டு இருந்தீங்க."

பிறகு உள்பக்கம் திரும்பி, சேருக்குத் தேத்தண்ணி ஊத்தும்படி மகளிடம் சொன்னார். அதைக் குடிக்காமல் எழும்பவும் என்னால் முடியவில்லை.